குழாயடியில் தங்கபுஷ்பம்

2091 மார்ச் 3, காலை 7.10

தென்முனைப் பனிச்சுரங்க மருத்துவமனை, நிலா. தொற்றுத் தடுப்புப் பதிவு. எழுதுபவர்: டாக்டர் ஆவுடைச்செல்வி, நுண்ணுயிரியல்.

வார்டில் நோயாளிகள் பதினொரு பேர். வயிற்றுப்போக்கு யாருக்கும் இல்லை. கழிவறைகளில் பிளீச் போட்டுத் துடைத்தாயிற்று. வார்டு வாசல் குழாயில் கை கழுவியவர்கள் எண்ணிக்கை திருப்தி. காற்றழுத்தம் சரி.

இந்தப் பதிவு எனக்குப் பிறகு வரும் டாக்டருக்கு. ஏப்ரல் கடைசியில் குலசேகரன்பட்டினத்திலிருந்து விண்கப்பல் வரும், அதில் நீங்கள் வருவீர்கள். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனாலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. விதி தவறாதவள் என்று பெயர் எடுத்துவிட்டேன், இனிமேல் மாற்றிக்கொள்ள முடியாது.

நான் ஏன் லேபுக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் வார்டுக்குள் சி-டிஃப் என்ற குடல் கிருமி வந்தது. நாலு பேரைப் படுக்கவைத்தது. மூத்த நர்ஸ் தங்கபுஷ்பம் இறந்துவிட்டார். நான் பிழைத்தேன். ஆனால் என் குடலிலிருந்து கிருமியின் வித்துகள் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அதனால் தனி அறை, தனிக் கழிவறை. சாப்பாடு சுவரிலுள்ள இரட்டைக் கதவுப் பெட்டி வழியாக வருகிறது. வார்டுக்குள் கேமரா வைக்க அனுமதி இல்லை. வார்டைப் பற்றி எனக்குத் தெரிவதெல்லாம் தொலைபேசியில் அவர்கள் சொல்வதும், நீட்டும் கைகளைக் குழாயின் கண் எண்ணித் தருவதும்தான்.

மார்ச் 5, காலை 7.30

நோயாளிகள் நலம். எண்ணிக்கை திருப்தி.

இந்தக் கிருமியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். படித்தது வேறு, பார்த்தது வேறு. நோயாளிக்கு வேறு எதற்கோ ஆன்டிபயாட்டிக் கொடுப்போம். அது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். அந்தக் காலி இடத்தில் இது வந்து குடியேறும். நாம் கையில் தடவுகிறோமே ஸ்பிரிட், அதற்கு இதன் வித்து அசையாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவித்தான் தொலைக்க வேண்டும். பனிச்சுரங்கத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஸ்பிரிட்தான் பிடிக்கும். தடவினோமா, நடந்தோமா என்று இருக்கலாம்.

தங்கபுஷ்பம் இதற்காக ஊரையே பகைத்துக்கொண்டவர். டாக்டர்களைக்கூட வாசலில் நிறுத்திக் கையை முகர்ந்து பார்ப்பார். குழாயில் பேசும் கருவி பொருத்தியபோது தன் குரலைத்தான் கொடுத்தார். கை நீட்டினால் அவர் பேசுவார்: "வந்துட்டியா ராசா. சோப்புப் போட்டு நல்லாத் தேயி. ஸ்பிரிட்டத் தடவிட்டு ஓடாத." லேபிலிருந்து நாம் எந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலும் அந்தக் குரலிலேயே சொல்லும். அவரைப் புதைத்த மறுநாளும் குழாய் அப்படித்தான் பேசியது. நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். நல்ல நினைவூட்டல், எதற்கு நிறுத்த வேண்டும்?

ஒன்பதாம் படுக்கையில் இருப்பவர் முப்பிடாதி, என் கணவர். துளையிடும் எந்திரம் சரிந்து இடுப்பெலும்பு நொறுங்கியது, எலும்புக்குள் சீழ். ஏப்ரல் பாதிவரை ஆன்டிபயாட்டிக் ஏற்றியே ஆக வேண்டும், நிறுத்தினால் எலும்பு போய்விடும். அதாவது அவருடைய குடல் இப்போது காலி. சி-டிஃப்புக்கான மருந்து ஒரே ஒரு ஆளுக்குப் போதுமான அளவுதான் மிச்சம் இருக்கிறது. அது இந்த அறைக் குளிர்பெட்டியில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர் இருக்கும் நிலையில் தொற்று வந்தால் அந்த மருந்தாலும் காப்பாற்ற முடியுமா தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. பதிவில் இப்படி எழுதக் கூடாது என்று தெரியும்.

மார்ச் 9, காலை 7.20

நோயாளிகள் நலம். குழாயின் எண்ணிக்கை போன வாரத்தைவிட ஒன்றரை மடங்கு. இந்த மருத்துவமனை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. செத்தும் வேலை வாங்குகிறார் தங்கபுஷ்பம்.

கணவர் பேசினார்.

"செல்வி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஒன் கையால ஒரு சொதி சாப்டணும் போல இருக்கு, அம்புட்டுதான். நீ எப்பம் வெளிய வருவ?"

வித்து வெளியேறுவது நின்றதும் வருவேன் என்றேன். அவர் பொறுமைசாலி இல்லை. ஒருநாள் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தாலும் திறப்பார்.

மார்ச் 14, காலை 8.00

நான்காம் படுக்கை செல்லையாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மாதிரி அனுப்பினார்கள். சி-டிஃப்.

எனக்குப் புரியவில்லை. எண்ணிக்கை இன்று உச்சம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் குழாய்க்கு வந்துதான் வார்டுக்குள் போயிருக்கிறார்கள். அப்புறம் எதன் வழியாக வந்தது? சாப்பாட்டுத் தட்டு, படுக்கை விரிப்பு, தெர்மாமீட்டர், கழிவறைப் பிடி, எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, காலை 8.15

இரண்டாவது ஆள், ஆறாம் படுக்கை. செல்லையா மோசம். தண்ணீர் ஏற்றுகிறார்கள். அந்த ஒரு ஆள் மருந்தைக் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். அப்படிச் சொன்னபோது நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அனுப்பிய பஞ்சுகளில் எதிலும் வித்து இல்லை. வார்டில் பேச்சு வேறு மாதிரி போகிறது. தங்கபுஷ்பம் கூப்பிடுகிறாளாம். தான் போன வழியில் துணைக்கு ஆள் தேடுகிறாளாம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். திட்டிவிட்டு லேபின் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒன்று தோன்றியது. சோப்பு. இத்தனை பேர் கழுவினால் சோப்புக் குடுவை இந்நேரம் பலமுறை காலியாகியிருக்க வேண்டும். நர்ஸ் வள்ளிநாயகத்தைக் கேட்டேன். மாற்றவே இல்லையாம். குழாயையே பஞ்சால் துடைத்து அனுப்பு என்றேன். சரி என்று சட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டான். தங்கபுஷ்பத்திடம் வேலை பழகியவன், இப்படிப் பேச்சை முறித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 18, பகல் 1.40

குழாய் மூக்கு முழுக்க வித்து. வளர்ப்புத் தட்டில் எண்ண முடியாத அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

வள்ளிநாயகம் அழைத்தான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டரம்மா, கோவப்படாதிய. அக்காவப் பொதச்ச மறுநாளு டூட்டிக்கு வந்தேன். கைய நீட்டுனேன். 'வந்துட்டியா ராசா'ன்னாவ. எனக்கு உசுரே போயிட்டு. அங்கனயே உக்காந்து அழுதேன். அடுத்த நாளு யாரோ தோட்டத்துக் கொத்தமல்லிப் பூவப் பறிச்சு வச்சிருந்தாவ. பொறவு மஞ்சப் பூசுனாவ. நான்தான் பச்ச விரிப்பக் கிழிச்சு சேல மாதிரி சுத்துனேன். நாங்க தப்பா ஒண்ணும் செய்யல. கும்பிட்டுட்டுதான் உள்ள போறோம்."

கை கழுவினீர்களா இல்லையா என்று கேட்டேன்.

"அதெப்படிம்மா. மலம் அள்ளுன கையி. அத அக்கா மூஞ்சியிலயா கழுவச் சொல்லுதிய?"

கும்பிட்ட கைகள். குழாயின் கண்ணுக்கு எல்லாம் கைதான். கும்பிட்டதையெல்லாம் கழுவியதாக எண்ணி எனக்கு அனுப்பியிருக்கிறது. நானும் மகிழ்ந்துபோய்ப் பதிவு எழுதியிருக்கிறேன். அவர்கள் குழாய் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையோடு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறார்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

"ஒரு தம்ளர்ல தண்ணி புடிச்சு வச்சிருக்கோம். தீர்த்தம். சொகமாவட்டும்னு நோயாளியளுக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு குடுத்தோம். ஒங்க வீட்டுக்காரரு மட்டும் வேண்டாம்னுட்டாரு. செல்வி திட்டுவான்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அழுதேன். முப்பத்தொரு வருஷம் கை கழுவு, கை கழுவு என்று கத்திய ஒருத்தியை, கை கழுவாமல் கும்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பிரியம் அவள்மேல். 

மார்ச் 20, காலை 9.00

எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். பூ, சேலை, தம்ளர், எல்லாம். குரலையும் நிறுத்தினேன். பிளீச் ஊற்றிக் குழாயைத் துடைத்தார்கள். செய்தது வள்ளிநாயகம். செய்யும்போது தொலைபேசியைக் கீழே வைக்காமல் அழுதான். "அக்காவ ரெண்டாந்தடவ சாவடிக்கச் சொல்லுதிய" என்றான்.

பலன் என்ன தெரியுமா? குழாய்ப் பக்கம் ஒருவரும் போவதில்லை. சாமியைக் கலைத்த இடம், யார் கால் வைப்பார்கள்? நேற்றைய எண்ணிக்கை பூஜ்யம். எல்லோர் கையிலும் ஸ்பிரிட் புட்டி. கழுவு என்று உத்தரவு போட்டேன், சரி என்கிறார்கள். நான் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியும்.

செல்லையா இன்று அதிகாலை இறந்துவிட்டார். அவருடைய மனைவிக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். மருந்து இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. இதை நீங்கள் வாசித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படுக்கைக்கு வயிற்றுப்போக்கு. ஒன்பதுக்குப் பக்கத்தில்.

மார்ச் 21, மாலை 6.30

குரலைத் திரும்பப் போட்டேன். குழாயடியில் ஒரு மைக் இருக்கிறது, வார்டில் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதால் மூடியே வைத்திருந்தோம். அதையும் திறந்தேன். விதி தவறாதவள் என்ற பெயர் இன்றோடு போயிற்று.

வள்ளிநாயகத்தின் காலடி கேட்டது. தட்டச்சு செய்தேன். லேபின் ஒலிபெருக்கியிலும் அவள் குரல் வந்தது:

"வள்ளி. என் சேலய எதுக்குல உருவுன?"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. 

"பரவால்ல. எனக்குச் சேலயும் வேண்டாம், பூவும் வேண்டாம். கும்பிட்டது போதும். அழுக்குக் கைய என் தலயிலயே கழுவு ராசா. எனக்கு அதான் பூச. நல்லாத் தேயி. நகத்துக்குள்ள தேயி."

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்று நிதானமாக, ரொம்ப நேரம். அவன் தேம்பிக்கொண்டே கழுவினான். இந்தப் பக்கம் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதியது நான். ஆனால் 'எனக்கு அதான் பூச' என்று அவள் சொன்னபோது, எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னது போலத்தான் இருந்தது.

பிற்பகலில் வள்ளிநாயகம் அழைத்தான். "டாக்டரம்மா, நீங்களா பேசுனது?" என்றான். இல்லை என்றேன். "நெனச்சேன்" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

மார்ச் 26, காலை 7.15

சோப்புக் குடுவை இரண்டு நாளுக்கு ஒன்று காலியாகிறது. குழாய் மூக்கில் வித்து இல்லை. புதிய நோயாளி இல்லை. ஆறும் எட்டும் மருந்து இல்லாமலே தேறிவருகிறார்கள். ஒன்பது நலம்.

ஆனால் அவர்கள் கழுவிவிட்டுப் போவதில்லை, நின்று பேசுகிறார்கள். ஊரில் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆகுமா அக்கா. தம்பிக்கு வேலை கிடைக்குமா அக்கா. செல்லையாண்ணன் அங்க ஒங்ககூடயா இருக்காரு. நான் பதில் சொல்லாமல் இருந்தால் குழாயடியில் அழுகிறார்கள். மறுநாள் அவர்கள் கை கழுவ வரமாட்டார்களோ என்று எனக்குப் பயம். அதனால் தட்டச்சு செய்கிறேன். இருக்காரு ராசா. நல்லா இருக்காரு. கைய நல்லாத் தேயி.

சாப்பிடும்போதும் காதில் அவள் குரல்தான். நேற்று எனக்கு நானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டேன். முடிவில் 'ராசா' என்று இருந்தது.

மார்ச் 31, பிற்பகல் 3.00

எனக்குத் திரும்ப வந்துவிட்டது. காலையிலிருந்து ஏழு தடவை. பரிசோதித்துப் பார்த்தேன், அதேதான். ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வருவது உண்டு, வியப்பில்லை.

மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு ஆளுக்குத்தான் வரும். முப்பிடாதிக்கு ஆன்டிபயாட்டிக் முடிய இன்னும் இரண்டு வாரம், அதற்குப் பிறகும் கப்பல் வரும்வரை ஆபத்துதான். செல்லையாவுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததை எனக்கென்று பிரிக்க என் கை வரவில்லை. திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தேன். உப்புக் கரைசல் இருக்கிறது. குடிக்கிறேன்.

என் குரலைக் கேட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் கதவைத் திறப்பார். லேபின் தொலைபேசி மைக் பழுது, எழுத்தில்தான் தொடர்பு என்று வள்ளிநாயகத்துக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 4, நேரம் பார்க்கவில்லை

புதிய நோயாளி இல்லை. நல்லது.

காய்ச்சல். வயிறு பலகை மாதிரி. போக்கு நின்றுவிட்டது, அது நல்ல அறிகுறி இல்லை, உங்களுக்கே தெரியும். சலைன் ஊசியை எனக்கு நானே ஏற்றிக்கொண்டேன். மூன்றாவது முறைதான் நரம்பு கிடைத்தது.

குழாயடியில் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவரையும் விடாமல் பதில் சொல்கிறேன். கைதான் மெதுவாகப் போகிறது. அக்கா இப்பல்லாம் யோசிச்சு யோசிச்சுப் பேசுதாவ என்று யாரோ சொன்னார்கள்.

ஏப்ரல் 6

மருந்து இனி வாயால் இறங்காது. குடித்தால் வாந்தி. ஆக அது அவருக்குத்தான். முடிவு எடுக்க வேண்டிய பாரம் போயிற்று.

குளிர்பெட்டி, மேல் தட்டு, நீல மூடி. புட்டியைப் பிளீச்சில் துடைத்து எடுங்கள். லேபைத் திறக்கும்போது முழு உடுப்பு. கதவுப் பிடி, மேசை, இந்தத் திரை, எல்லாவற்றிலும் வித்து இருக்கும். என்னையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். முப்பிடாதியை உள்ளே விடாதீர்கள். அழுவார், கெஞ்சுவார், விடாதீர்கள்.

குழாயில் பேச ஆள் வேண்டும். எழுத்தைப் போட்டால் போதும், அவள் சொல்லுவாள். நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஸ்பிரிட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஏப்ரல் 7

ஊன்றுகோல் சத்தம். அவர்தான். குழாயடிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. சாமி, பேய் எதையும் நம்பாத மனுசன்.

"அக்கா, நான் முப்பிடாதி. ஒன்னய நான் கும்பிட்டதில்ல. கோவிச்சுக்காத. எம்பொண்டாட்டி ஒரு வாரமாப் பேச மாட்டேங்கா. மைக்கு ரிப்பேருங்காவ. அவளுக்குத் திரும்ப வந்துட்டா?"

தட்டினேன். வேல ராசா. அவளுக்கு வேல நெறய.

"பொய் சொல்லாத. நான் கதவத் தொறக்கப் போறேன்."

தொறக்காத. தொறந்தா அவ செஞ்சதெல்லாம் வீணாப் போவும். கையக் கழுவு ராசா.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கும் சத்தம். பிறகு தண்ணீர். தேய்க்கும் சத்தம். அவர் கை தெரியும் எனக்கு, கட்டைவிரல் பக்கம் காய்ப்பு. நகத்துக்குள்ளும் தேய்த்தார், கேட்டது. தண்ணீர் நின்றது.

"கழுவிட்டேன். நீ சொன்னதக் கேட்டுட்டேன்லா. இப்பம் நான் கேக்கதுக்கு நீ பதில் சொல்லு. அவ பொழச்சுக்குவாளா?"

நானும் காத்திருந்தேன். ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு. அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று. சொல்லு அக்கா, சொல்லு என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். இரண்டு கையும் சேர்ந்திருந்தது.

பதில் வரவில்லை.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியவில்லை. நான் தட்டினால்தான் அவள் பேசுவாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவர் இன்னும் குழாயடியில் நிற்கிறார். அக்கா, அக்கா என்கிறார். ஊன்றுகோல் கதவுப் பக்கம் திரும்புகிற சத்தம். சொல்ல வேண்டும். சீக்கிரம். விரல் எழுத்தில் நிற்க மாட்டேன் என்கிறது

பொழச்சு